மலையூர்களில் டாங்கிள் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் பருவமழை வலுக்கும் நாட்களில் சாலையோரக் கற்பூர மரங்கள் சாய்ந்து, அவற்றோடு பிராட்பேண்ட் கேபிள்களும் அறுந்து விழுவது எல்லோரும் அறிந்ததே. மண் சரிந்த இடங்களில் அவற்றை மறுபடி இழுத்துக் கட்ட வாரக்கணக்கில் ஆகிறது. கோத்தகிரி, மஞ்சூர், பந்தலூர் போன்ற பகுதிகளில் உள்ளடங்கிய ஊர்களுக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் கம்பிவழி இணைப்பு இன்னும் எட்டவே இல்லை. ஆகவே சிம் கார்டைச் செருகிக் கணினியில் குத்திக்கொள்ளும் யுஎஸ்பி மோடம், அதாவது நாம் டாங்கிள் என்று சொல்லும் கருவி, சமவெளி நகரங்களில் வழக்கொழிந்து வந்தாலும் இந்த மலையில் இன்னும் அன்றாடத் தேவையாகவே இருக்கிறது. போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், வீட்டிலிருந்து வேலை பார்ப்போர், தங்கும் விடுதி நடத்துவோர், பசுந்தேயிலைக்கான தொகை வங்கியில் வரவானதா என்று பார்க்கும் சிறு விவசாயிகள் என இதை நம்பியிருப்போர் பலர்.

கோத்தகிரியில் நெடுங்காலமாகக் கணினி பழுதுபார்க்கும் தொழில் செய்துவருகிறேன். டாங்கிளை வாங்குவோர் அதன் வேகத்தையும் விலையையும் விசாரிக்கிறார்களே தவிர, அதைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்பவர்கள் மிகச் சிலர்; விற்பவர்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இதனால் நேரும் இழப்புகளைத் தொடர்ந்து பார்த்து வருவதால், தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், டாங்கிள் வழியாக இணையத்தில் இருக்கும் கணினியின் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். பிராட்பேண்ட் வீட்டில் இணையத்துக்கும் கணினிக்கும் நடுவே ஒரு ரவுட்டர் இருக்கிறது. வெளியிலிருந்து கேட்காமல் வரும் தொடர்புகளை அது பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பழைய வகை டாங்கிளில் அப்படி ஒன்று இல்லை. அது வெறும் மோடம் மட்டுமே என்பதால் இணைய முகவரி நேராகக் கணினிக்கே வந்து சேர்கிறது. செல்பேசி நிறுவனங்கள் ஐபிவி4 என்ற பழைய முறை இணைய முகவரி ஒன்றையே பல வாடிக்கையாளர்களுக்கிடையே பகிர்ந்து தருவதால் ஓரளவு மறைவு கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இப்போது பரவலாகிவிட்ட ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் அந்தப் பகிர்வுக்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் உலகத்தில் வேறு எவருக்கும் இல்லாத தனி முகவரி கிடைத்துவிடுகிறது. எனவே, இந்த இணைப்பில் கணினியைக் காக்கும் பொறுப்பு முழுவதும் வேண்டாத வெளித் தொடர்புகளைத் தடுக்கக் கணினிக்குள் இருக்கும் ஃபயர்வால் என்ற காவல் மென்பொருளின் மீதும், காலத்துக்குக் காலம் போடப்படும் அப்டேட்டுகளின் மீதுமே விழுகிறது.

மலைவாழ் பயனாளர்கள் முதலில் நிறுத்திவைப்பது அந்த அப்டேட்டுகளைத்தான் என்பதே என் பெரிய கவலை. டேட்டா பேக் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, சிக்னலும் மெலிந்து கிடக்கிறது, இதில் விண்டோஸ் தன்பாட்டுக்குச் சில நூறு எம்.பி.யை இறக்கினால் பிள்ளையின் பாடத்துக்கு எதுவும் மிஞ்சாது என்று பெற்றோர் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக அப்டேட்டை அடியோடு அணைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே விடுவது பேராபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற வைரஸை நினைவுகூரலாம். கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த வைரஸ், சுமார் 150 நாடுகளில் புகுந்தது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளில் யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே, வலைப்பின்னல் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அது தொற்றியது. ரவுட்டரின் மறைவின்றி இணையத்தில் நேராக நிற்கும் கணினிக்கு இத்தகைய வைரஸால் வரும் ஆபத்து எவ்வளவு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விண்டோஸில் டாங்கிள் இணைப்பை ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவைத்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்காமல் காத்திருக்கும். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் இரண்டாவது செவ்வாய்க்கிழமையை ஒட்டி வெளியாகிறது. அதற்கு முந்தைய மாதங்களின் திருத்தங்களும் அதிலேயே அடங்கியிருக்கும் என்பதால், மாதத்துக்கு ஒரு முறை அந்தக் குறியை நீக்கி, டேட்டா மிச்சமிருக்கும் ஓர் இரவில் இறக்கிக்கொண்டால் போதுமானது. அதுவும் இயலாதவர்கள், பிராட்பேண்ட் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது மடிக்கணினியையும் எடுத்துச் செல்லலாம். இன்னொன்று, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. என் கடைக்கு வரும் கணினிகளில் விண்டோஸ் 7 இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கணினி வாங்க வசதியில்லாதவர்கள், விண்டோஸை அகற்றிவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளில் ஒன்றைப் போட்டுக்கொள்வது, டாங்கிளோடு பழைய விண்டோஸை ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

டாங்கிளை முதன்முறை செருகியதும், இது எவ்வகை நெட்வொர்க் என்று விண்டோஸ் கேட்கும் இடத்தில் ‘பப்ளிக்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் வீட்டில்தானே இருக்கிறோம் என்று ‘ஹோம்’ அல்லது ‘பிரைவேட்’ என்பதைத் தெரிவுசெய்கிறார்கள். அப்படிச் செய்தால் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிரும் வசதி திறந்துகொள்கிறது. வீடு நமதாக இருந்தாலும் இணைப்பு பொதுவெளியினுடையது.

டாங்கிளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல டாங்கிள்கள் செருகியவுடன் கணினிக்குத் தம்மை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொண்டு, அதிலிருந்து இணைப்பு மென்பொருளை நிறுவுகின்றன. பென் டிரைவ் வழி வைரஸ் பரவுவதைத் தடுக்க, செருகியவுடன் தானாக இயங்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-ல் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தியது. ஆனால் சிடிக்கு அந்தத் தடை கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத டாங்கிளைச் செருகுவது, தெரியாத சிடியை இயக்குவதற்கு ஒப்பாகும். மெமரி கார்டு போடும் துளை உள்ள டாங்கிள்களைப் பென் டிரைவாகவும் பயன்படுத்திப் பல கணினிகளில் மாற்றி மாற்றிச் செருகும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி வை-ஃபை வசதியுள்ள டாங்கிளுக்கு வருகிறேன். நடைமுறையில் அதிகம் கேடு விளைவது இதில்தான். இவ்வகை டாங்கிளுக்குள்ளேயே ஒரு சிறு ரவுட்டர் இருப்பதால் மேற்சொன்ன நேரடி ஆபத்து குறைவு. ஆனால் வேறொரு கதவு திறந்து கிடக்கிறது. சில மாதங்களுக்கு முன் கட்டபெட்டுப் பக்கமிருந்து ஒரு தேயிலை விவசாயி, காலையில் போட்ட டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்று தம் டாங்கிளைக் கொண்டுவந்தார். வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர் அவர். வருகிறவர்கள் வந்ததும் வராததுமாகக் கேட்பது வை-ஃபைதான் என்பதால், டாங்கிளின் மூடிக்குள் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

அவர் அனுமதியோடு, அவர் எதிரிலேயே, டாங்கிளை இயக்கிக் கணினி பிரவுசரில் அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். பயனர் பெயர் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’. தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது. முன்பு இணைந்திருந்த கருவிகளின் பட்டியலில் அவருக்குத் தெரியாத செல்பேசிகளின் பெயர்கள் நீண்டுகொண்டே போயின. டேட்டா போன வழி அது. அதைவிட அதிர்ச்சியானது, அதே பக்கத்தில் ‘எஸ்எம்எஸ்’ என்றிருந்த பகுதி. டாங்கிளில் அவர் போட்டிருந்தது, வங்கியிலும் ஆதாரிலும் பதிவுசெய்திருந்த தம் பழைய எண்ணின் சிம். வங்கியிலிருந்து வந்த வரவுச் செய்திகளும், இருப்புத் தொகையும், ஓடிபி எண்களும் அங்கே வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அந்த அறையில் தங்கிய எவரும், வை-ஃபை எட்டும் தூரத்தில் சாலையில் காரை நிறுத்திய எவரும், செல்பேசியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து அவற்றைப் படித்திருக்கலாம். அங்கிருந்தே அவர் எண்ணில் எஸ்எம்எஸ் அனுப்பியும் இருக்கலாம். நல்லவேளையாக அவருடைய கணக்கில் பணம் எதுவும் குறையவில்லை.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. மிகச் சரி. ஆனால் டாங்கிளுக்கு வரும் ஓடிபியை யாரும் நம்மிடம் கேட்கவே தேவையில்லை என்பதை எந்த எச்சரிக்கையும் சொல்வதில்லை. ஆகவே வங்கிக் கணக்கோடும் ஆதாரோடும் இணைந்த எண்ணின் சிம்மை எக்காரணம் கொண்டும் டாங்கிளில் போடக் கூடாது. டேட்டாவுக்கென்று தனியாக ஒரு சிம் வாங்கிக்கொள்ள வேண்டும். டாங்கிளை வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை மூன்று. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். வை-ஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பாதுகாப்பு வகை டபிள்யுபிஏ2 அல்லது டபிள்யுபிஏ3 என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். டபிள்யுஇபி (WEP) என்ற பழைய வகையைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம் என்பது இருபது ஆண்டுகளாகத் தெரிந்த சங்கதி. நிர்வாகப் பக்கத்தின் முகவரி 192.168.8.1, 192.168.1.1 என்பதைப் போலக் கருவியின் மீதோ கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்துகொள்ளலாம். பத்து நிமிட வேலைதான்.

விருந்தினருக்கு வை-ஃபை தருவோருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் வை-ஃபையை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தி அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில். சிம் நம் பெயரில் இருக்கும்வரை, அந்த இணைப்பில் பிறர் செய்வதற்கும் போலீஸார் முதலில் நம்மையே தேடி வருவார்கள். ஆகவே விருந்தினர் மாறுந்தோறும் பாஸ்வேர்டை மாற்றுவது முறை. நிர்வாகப் பக்கத்துக்கு வேறு கடவுச்சொல் வைத்துவிட்டால், அவர்கள் அந்தப் பக்கத்துக்குள் நுழைய முடியாது.

இதே காரணத்தால்தான் சிம்மோடு சேர்த்து விற்கப்படும் பழைய டாங்கிளை வாங்காதீர்கள் என்கிறேன். சீசன் முடிந்து ஊர் திரும்புவோர், வேலை மாறிப் போவோர் தம் டாங்கிளை ரீசார்ஜோடு கைமாற்றிவிட்டுப் போவது இங்கே சகஜம். வாங்குபவர் வேறொருவர் பெயரிலுள்ள சிம்மைப் பயன்படுத்துகிறார். விற்றவர் பெயரில் அடுத்தவர் உலவுகிறார். இருவருக்குமே ஆபத்து. தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் எவரும் பார்த்து, தமக்குச் சம்பந்தமில்லாததை நிறுத்தும்படி கேட்கலாம். டாங்கிள் தொலைந்தால் அந்தக் கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை அதே தளத்தில் பதிந்து, அது எந்த நெட்வொர்க்கிலும் இயங்காமல் முடக்கலாம். அதற்குப் போலீஸ் புகாரின் நகல் வேண்டும். அந்த எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். எண் டாங்கிளின் மூடிக்குள் அச்சிடப்பட்டிருப்பதால், கருவியோடு அதுவும் போய்விடும். வாங்கிய அன்றே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது உத்தமம். சிம்முக்கு ‘பின்’ (PIN) எனப்படும் ரகசிய எண்ணால் பூட்டுப் போட்டுவிட்டால், எடுத்தவர் அதைத் தம் செல்பேசியில் போட்டு ஓடிபி பெற முடியாது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் பியுகே எண்ணையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகப் பயனற்றுவிடும் என்பதால், இவ்விரண்டையும் எழுதி வைத்திருப்பது அவசியம்.

பழைய 3ஜி டாங்கிள்களை இன்னும் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. ஜியோ தொடக்கத்திலிருந்தே 2ஜியோ 3ஜியோ தரவில்லை. மற்ற தனியார் நிறுவனங்களும் 3ஜி சேவையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. அந்த டாங்கிள்கள் இப்போது 2ஜிக்கு இறங்கி நிற்கின்றன. வேகம் குறைவது ஒருபுறமிருக்க, 2ஜியில் சிம் உண்மையானதா என்று டவர் சரிபார்க்கிறதே ஒழிய, டவர் உண்மையானதா என்று சிம் சரிபார்ப்பதில்லை. அதன் மறையாக்கமும் உடைக்கப்பட்டுவிட்டது. 4ஜி டாங்கிள் வைத்திருப்போர் நிர்வாகப் பக்கத்தில் ‘4ஜி மட்டும்’ என்ற தெரிவை வைத்துக்கொள்ளலாம்.

சிக்னல் மெலிந்த இடத்தில் டாங்கிள் சூடாவதைப் பலரும் பழுது என்று கருதி என்னிடம் கொண்டுவருகிறார்கள். டவர் தூரமாக இருந்தாலோ, நடுவே மலைமுகடு மறித்தாலோ, டாங்கிள் தன் முழுச் சக்தியோடு ஒலிபரப்ப வேண்டியிருக்கிறது. சூடு அதனால் வருவது. மடியிலோ கம்பளியின் மேலோ மடிக்கணினியை வைத்து, அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் செய்வதுதான் தவறு. யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி, டவர் இருக்கும் திசையிலுள்ள ஜன்னலோரம் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சிக்னல் கூடும், சூடு குறையும், கதிர்வீச்சும் உடம்பிலிருந்து விலகும், கை பட்டு யுஎஸ்பி துளை உடைவதும் நிற்கும். கேபிள் 5 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. மஞ்சு இறங்கும் நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்து டாங்கிளை ஈரத்தில் விடாதீர்கள். உலோக முனைகள் களிம்பேறிப் போகின்றன. சிக்னலுக்காகக் கூரைமேல் ஆன்டெனா கட்டியிருப்போர் இடி மின்னல் நேரத்தில் அதன் ஒயரை டாங்கிளிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

ஆனால் சிக்னலைக் கூட்டும் ‘பூஸ்டர்’ என்று விற்கப்படுவதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். செல்பேசி நிறுவனமல்லாத தனிநபர் அதைப் பொருத்துவது சட்டப்படி குற்றம் என்பதோடு, அது கிளப்பும் இரைச்சலால் அந்த டவரை நம்பியிருக்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கே சிக்னல் கெடுகிறது. 108-க்கு அழைக்க முயலும் ஒருவருக்கு அழைப்பு போகாமல் இருக்க அதுவும் ஒரு காரணமாகிவிடக் கூடும்.

இவ்வளவையும் பயனாளர்களின் தலையிலேயே கட்டிவிடுவது நியாயமாகாது. டாங்கிள் விற்கும் கடைகள், விற்கும் இடத்திலேயே நிர்வாகக் கடவுச்சொல்லை வாங்குபவரின் கையாலேயே மாற்றச் சொல்லிவிட்டு, அதன் பின் பில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டாங்கிளோடு வரும் ஆங்கிலக் கையேட்டுடன், தமிழில் ஒரு பக்கக் குறிப்பையாவது செல்பேசி நிறுவனங்கள் தர வேண்டும். மாவட்ட நிர்வாகம் இ-சேவை மையங்கள் வழியாக இச்செய்தியைப் பரப்பலாம். பணம் பறிபோனது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், அது மோசடிக்காரரின் கைக்குப் போய்ச் சேருமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு என்பது தேயிலை விவசாயிகள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் அறிவிப்புப் பலகைகளில், பசுந்தேயிலை விலையை எழுதும் இடத்துக்கு அருகிலேயே அந்த எண்ணையும் எழுதிவைக்குமாறு அவற்றின் நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.